வால்வை மாற்றினால் மாறுவது எது?

கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடத்தில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டுச் சிக்னலைப் பெருக்குவது வால்வு (வேக்குவம் டியூப்). வால்வு ஆம்ப்ளிஃபையரின் பாகங்களில், ஃபியூஸை விட்டால், கழற்றி மாட்டுவதற்கென்றே அமைந்தது வால்வு மட்டும்தான். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஈயப் பற்று வைத்து உள்ளே இறுக்கப்பட்டிருக்க, வால்வு சாக்கெட்டில் நிற்கிறது. அது தேயக்கூடிய பொருள் என்பதே காரணம். கேத்தோடின் மேல் பூசப்பட்டிருக்கும் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுப் படலம் ஹீட்டரின் சூட்டில் எலெக்ட்ரான்களை உமிழ்ந்து உமிழ்ந்து நாளடைவில் வலுவிழந்துவிடும். அப்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். பழுதுபார்ப்பதற்காக ஏற்பட்ட இந்த வசதியே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வால்வையும் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகி, ஒலி எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு வழி திறந்துவிட்டது.

பல ஆண்டுகளாக எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இந்த வால்வு இனிமையானது, அந்த வால்வு கூர்மையானது, இன்னொன்றில் பாஸ் ஆழமாக இறங்கும் என்று வால்வுகளுக்குக் குணம் சொல்லும் வருணனைகளை நானும் ஆர்வத்தோடு படித்து, வாங்கி, கேட்டுப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு எனக்கு உறுதிப்பட்டிருப்பது இதுதான்: எந்தச் சுற்றில், எந்த இடத்தில், எவ்வளவு மின்னோட்டத்தில் வால்வு ஓடுகிறது என்பதை ஒதுக்கிவிட்டு அதன் ஒலியைப் பற்றிப் பேச முடியாது. வித்தியாசங்கள் உண்மையானவை, சில நேரங்களில் பெரியவையும்கூட. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கண்ணாடியின் மேல் அச்சிட்ட பெயரிலிருந்து வருவதில்லை.

மிகப் பரவலாகப் புழங்கும் ஈசிசி83 என்னும் வால்வையே எடுத்துக்கொள்வோம். 12ஏஎக்ஸ்7 என்பது இதன் அமெரிக்கப் பெயர். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் (கேத்தோடு, கிரிட், ஆனோடு என்ற மூன்று முனை அமைப்புகள்) கொண்ட இதன் பெருக்கக் காரணி 100. எலெக்ட்ரான்களை ஈர்க்கும் ஆனோடில் 250 வோல்ட், இடையில் நின்று அவற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் மைனஸ் 2 வோல்ட் கொடுத்தால் 1.2 மில்லி ஆம்பியர் ஓடும் என்று கையேடு சொல்கிறது. இவை தொழிற்சாலை எட்ட முயலும் இலக்குகள். கிரிட்டாகச் சுற்றப்பட்டிருக்கும் மயிரிழை போன்ற கம்பிக்கும் கேத்தோடுக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிதே மாறினாலும் இந்த எண்கள் நகர்ந்துவிடும் என்பதால், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு புதிய வால்வுகளும், ஏன், ஒரே வால்வின் இரண்டு பாதிகளும்கூட அச்சுப்பிசகாமல் ஒத்திருப்பதில்லை. ஆகவே, ஒரு நிறுவனத்தின் வால்வு ஒன்றையும் இன்னொரு நிறுவனத்தின் வால்வு ஒன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, அந்த நிறுவனங்களின் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது. நாம் ஒப்பிட்டவை இரண்டு தனி வால்வுகள், அவ்வளவே.

இடத்தைப் பொறுத்து எது முக்கியம் என்பதும் மாறும். சிக்னலை அடுத்தடுத்துப் பெருக்கும் நிலைகளில் முதலாவதில் நிற்கும் வால்வின் இரைச்சல், பின்னால் உள்ள எல்லா நிலைகளாலும் பெருக்கப்பட்டுத்தான் ஸ்பீக்கரை அடைகிறது. ரெக்கார்டு பிளேயரின் முள்ளிலிருந்து வரும் சில மில்லி வோல்ட் சிக்னலைப் பெருக்கும் போனோ பகுதியில் இது பல மடங்கு கடுமையாகிவிடும். அங்கே எனக்கு இனிமை, கூர்மை எல்லாம் இரண்டாம்பட்சம். இரைச்சலும் அதிர்வுணர்வும் குறைவாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சோதிப்பது எளிது. ஸ்பீக்கர் கோன் அடிபடாத அளவுக்கு வால்யூமை நடுத்தரமாக வைத்து, பாட்டு எதுவும் போடாமல், பென்சிலின் ரப்பர் முனையால் வால்வின் கண்ணாடியை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல வால்வில் ‘டொக்’ என்று மங்கலான ஒலி எழுந்து உடனே அடங்கும். கிரிட் கம்பியின் இழுவிசை தளர்ந்த வால்வில் ‘ணிங்ங்’ என்று மணி போல நீண்டு ஒலிக்கும். அப்படி ஒலிக்கிற வால்வுக்கு ஸ்பீக்கரின் ஒலியே தட்டாகிவிடும். பாட்டில் பாஸ் வரும்போதெல்லாம் அதன் சொந்த நாதம் லேசாகக் கலந்துகொண்டே இருக்கும். சிலர் அதையே ‘காற்றோட்டமான, விரிந்த ஒலி’ என்று மெச்சக்கூடும். எனக்கு அது இசையோடு சேராத கலப்படம். அதற்காக அந்த வால்வை எறிந்துவிட வேண்டியதில்லை. சிக்னல் ஏற்கெனவே வலுவாக இருக்கும் பின்நிலைகளில் அது குறை தெரியாமல் உழைக்கும்.

இதைவிட நுட்பமாக ஒலியை மாற்றுவது வால்வின் உள் கெப்பாசிட்டன்ஸ், அதாவது உள் முனைகளுக்கிடையே மின்னேற்றம் தேங்கும் அளவு. ஈசிசி83-இன் ஆனோடுக்கும் கிரிட்டுக்கும் இடையே சுமார் 1.6 பிக்கோஃபாரட்தான் இருக்கிறது. கேட்க அற்பமான எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த நிலை சிக்னலை 60 மடங்கு பெருக்குகிறது என்றால், மில்லர் விளைவினால் அந்த 1.6 பிக்கோஃபாரட் உள்ளே வரும் சிக்னலுக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் போலத் தெரியும். அதற்கு முன்னால் 1 மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோல் இருந்தால், அது பாதி வோல்ட்டேஜைக் கடத்தும் நிலையில் அதன் வெளிமின்தடை 250 கிலோ ஓம் ஆகும். இந்த 250 கிலோ ஓமும் 100 பிக்கோஃபாரட்டும் சேர்ந்து 6 கிலோ ஹெர்ட்ஸ் அருகிலேயே உயர் சுருதிகளை 3 டெசிபல் தணித்துவிடும். அதே இடத்தில் 100 கிலோ ஓம் கண்ட்ரோல் இருந்தால் இந்த வெட்டு 60 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே போய், காதுக்கு எட்டாததாகிவிடும். பெருக்கமோ உள் கெப்பாசிட்டன்ஸோ சற்றே வேறுபட்ட வால்வைச் செருகும்போது ‘மேல் சுருதிகள் மென்மையாகிவிட்டன’ என்று ஒருவர் உணர்வதும், இன்னொரு ஆம்ப்ளிஃபையரில் அதே வால்வைப் போட்டவர் ‘எந்த மாற்றமும் இல்லை’ என்பதும், இருவரும் மெய்யாகவே கேட்டதைச் சொல்வதாக இருக்கலாம். அவர்களுடைய ஆம்ப்ளிஃபையர்களின் வால்யூம் கண்ட்ரோல்கள் வேறு. சண்டை மட்டும் வால்வைப் பற்றி நடக்கிறது.

ஒரே எண் கொண்ட வால்வுகளை விட்டு, ஒரே சாக்கெட்டில் பொருந்தும் வெவ்வேறு வகைகளை மாற்றிப் பார்க்கும்போது விஷயம் இன்னும் ஆழமாகிறது. ஈசிசி81, ஈசிசி82, ஈசிசி83 மூன்றுக்கும் ஒன்பது கால்களின் வரிசையும் ஒன்று, ஹீட்டரின் தேவையும் ஒன்று. ஆனால் பெருக்கக் காரணி முறையே சுமார் 60, 17, 100. ஈசிசி83-க்காக 100 கிலோ ஓம் ஆனோடு ரெசிஸ்டரோடு வடிவமைத்த நிலையில் ஈசிசி82-ஐச் செருகினால் பெருக்கம் ஏறத்தாழ 60-இலிருந்து 15-க்கு இறங்கும், அதாவது 12 டெசிபல் குறையும். ஆம்ப்ளிஃபையரில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளே கொடுத்துப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லையென்றால் ஒலி வெளிப்படையாகத் தணிந்துவிடும். என்ன நடந்தது என்பது எவருக்கும் புரியும். 20 டெசிபல் ஃபீட்பேக் உள்ள ஆம்ப்ளிஃபையரில் நடப்பதுதான் ஏமாற்றும். அங்கே வெளியே கேட்கும் ஒலியளவு 2 டெசிபலுக்குச் சற்று மேல்தான் குறைகிறது. ஆனால் உள்ளே ஃபீட்பேக் 20 டெசிபலிலிருந்து ஏறக்குறைய 10 டெசிபலுக்குச் சரிந்திருக்கிறது. டிஸ்டார்ஷன் கூடியிருக்கிறது, வெளிமின்தடை உயர்ந்திருக்கிறது, ஸ்பீக்கரின் பாஸ் கோன் மீது ஆம்ப்ளிஃபையருக்கு இருந்த பிடி தளர்ந்திருக்கிறது. ‘ஈசிசி82 போட்டதும் பாஸ் உருண்டு திரண்டு, குரல் கதகதப்பாகிவிட்டது’ என்று மகிழ்பவர் உண்மையில் கேட்பது ஃபீட்பேக் பாதியாகிவிட்ட வேறொரு ஆம்ப்ளிஃபையரை. அந்த ஒலி அவருக்குப் பிடித்திருந்தால் அதில் தவறே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் வால்வின் பெயர் அல்ல என்று தெரிந்தால், ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றியே அதைச் சாதிக்கலாம், விலையுயர்ந்த வால்வைத் தேடி அலைய வேண்டாம். மறுதலையாக, ஈசிசி82 இருந்த இடத்தில் ஈசிசி83-ஐச் செருகினால் ஃபீட்பேக் அளவுக்கு மீறி ஏறி, ஆம்ப்ளிஃபையர் காதுக்குக் கேளாத அதிர்வெண்ணில் தானாக ஊசலாடத் தொடங்கும் அபாயம் உண்டு.

பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகிவிடக் கூடாது என்பதற்கு ஈசிசி88 நல்ல எடுத்துக்காட்டு. தொலைக்காட்சி டியூனர்களுக்காகப் பிறந்து ஹை-ஃபையில் புகழ் பெற்ற வால்வு இது. இதற்கும் ஒன்பது கால். சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் ஈசிசி83-இன் ஒன்பதாவது கால் ஹீட்டரின் நடுமுனை; ஈசிசி88-இல் அது உள்ளே இருக்கும் திரையின் இணைப்பு. 6.3 வோல்ட்டுக்காக இணைத்த ஈசிசி83 சாக்கெட்டில் ஈசிசி88-ஐப் போட்டால் ஹீட்டர் எரியாது, 12.6 வோல்ட்டுக்காக இணைத்த சாக்கெட்டில் போட்டால் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் போய் வால்வு பாழாகும். ஈ88சிசி, 6922 ஆகிய மேம்பட்ட வடிவங்கள் ஈசிசி88-க்குப் பதிலாகப் போடத் தக்கவை. ரஷ்ய 6என்1பி கால் வரிசையில் ஒத்துப்போனாலும் அதன் ஹீட்டர் 600 மில்லி ஆம்பியர் கேட்கும்; ஈசிசி88 கேட்பது 365 தான். அந்தக் கூடுதலை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளுக்கு வரும்போது ரசனையைச் சற்று ஒதுக்கிவிட்டு மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட்டேஜ் (பயாஸ்) கொடுத்து வால்வின் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்ளிஃபையரில் ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பெரும்பாலும் சிறிய ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அது 10 ஓம் என்றும், அதன் இரு முனைகளுக்கிடையே 0.40 வோல்ட் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஓடுவது 40 மில்லி ஆம்பியர். ஆனோடில் 400 வோல்ட் இருந்தால் வால்வு 16 வாட் சூட்டை ஏற்கிறது. இதில் ஸ்கிரீன் கிரிட் எனும் இரண்டாவது கிரிட்டின் பங்கும் சேர்ந்திருப்பதால் ஆனோடின் உண்மைச் சுமை இன்னும் கொஞ்சம் குறைவு. ஈஎல்34 என்னும் பவர் வால்வின் ஆனோடு தாங்கும் எல்லை 25 வாட் என்பதால், இது எல்லையின் மூன்றில் இரண்டு பங்குக்கு உட்பட்ட பாதுகாப்பான நிலை. அதே பயாஸில் இன்னொரு ஈஎல்34-ஐச் செருகி மீட்டரைப் பார்த்தால் 0.55 வோல்ட் காட்டலாம். அது 22 வாட். 0.65 காட்டினால் 26 வாட், எல்லை தாண்டியாகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆனோடின் சாம்பல் நிறத் தகட்டில் மங்கிய சிவப்பு படரத் தொடங்குவது தெரியலாம். அப்படித் தெரிந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். புதிய வால்வைப் போடுமுன் பயாஸ் திருகைக் கிரிட் மிகவும் நெகட்டிவாக இருக்கும் பக்கத்துக்குத் திருப்பிவைத்து, சூடேறிய பின் படிப்படியாக மின்னோட்டத்தை ஏற்றுவதே முறை. அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் அளவு நகர்ந்திருக்கும். மீண்டும் திருத்த வேண்டும்.

ஒரு ஜோடி வால்வுகள் எதிரெதிராக இயங்கி ஸ்பீக்கரை ஓட்டும் புஷ்-புல் ஆம்ப்ளிஃபையரில் ஜோடியின் இரு வால்வுகளும் ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தில் ஓட வேண்டும். வித்தியாசம் பெருகினால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் ஓடும் நேர்மின்னோட்டம் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் போய், இரும்பு உள்ளகம் பாஸ் சுருதிகளில் சீக்கிரமே பூரிதமாகிவிடும். உம்மென்ற இரைச்சலும் தலைகாட்டும். ‘இந்தப் புதிய ஜோடியில் பாஸ் இறுக்கமாக இருக்கிறது’ என்ற பாராட்டில், ஜோடி சரியாகப் பொருந்தியிருப்பதன் பங்கு பெரிது என்பது என் கணிப்பு.

ஈஎல்34-க்குப் பதிலாக அதைவிடப் பெரிய கேடி88 போடலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஹீட்டர் 1.5 ஆம்பியருக்குப் பதில் 1.6 கேட்கும், நான்கு பவர் வால்வுகள் உள்ள ஆம்ப்ளிஃபையரில் மொத்தம் 0.4 ஆம்பியர் கூடுதல், பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மர்கள் தாங்கிவிடும். ஆனால் அதே கிரிட் வோல்ட்டேஜில் கேடி88 மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் பயாஸ் சுற்று போதிய அளவு நெகட்டிவாக இறங்க வல்லதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வு பெரிதானதால் வாட் கூடிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மின்வழங்கியும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் மாறாதவரை வெளிவரும் திறன் பெரிதாக ஏறாது. எதிர்த்திசையில், 6எல்6 என்னும் இன்னொரு பவர் வால்வுக்காக இணைத்த சாக்கெட்டில் ஈஎல்34-ஐப் போடுபவர் அதன் முதல் கால் சப்ரஸர் கிரிட் (ஆனோடுக்கு அருகிலுள்ள மூன்றாவது கிரிட்) என்பதையும், அது கேத்தோடாகிய எட்டாவது காலோடு இணைந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கூடவே 6எல்6-இன் ஹீட்டர் கேட்பது 0.9 ஆம்பியர்தான், 1.5 ஆம்பியர் பாரத்தை அந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஏற்றலாமா என்பது தனிக் கேள்வி.

இந்த வேலைகள் நடப்பது 300 முதல் 500 வோல்ட் ஓடும் பெட்டியில். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும். அளக்கும்போது ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும், ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபையரை ஓட்டாதிருப்பதும், வால்வு ஆறிய பின்னரே, அதுவும் பேஸ் உள்ளதாயின் பேஸைப் பிடித்தே கழற்றுவதும் விலக்கில்லாத விதிகள். பெட்டியைத் திறந்து வேலை செய்து பழகாதவர், வெளியே நின்று மாற்றக்கூடிய சிறு வால்வுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சோதனையின் சுவையில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஏசி மின்சாரத்தை டிசி-யாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு சிக்னல் பாதையிலேயே இல்லை என்றாலும் அதை மாற்றினால் ஒலி மாறுவதுண்டு. ஜிஇசட்34-ஐவிட 5யூ4ஜி தன்னுள் கூடுதல் வோல்ட்டேஜைத் தின்றுவிடும். ஆம்ப்ளிஃபையர் முழுவதும் தாழ்ந்த வோல்ட்டேஜில் ஓடும், பயாஸும் நகரும். மாறுவது ரெக்டிஃபையரின் ‘குணம்’ அல்ல, ஒவ்வொரு வால்வின் இயங்குநிலையும்தான். 5யூ4ஜி-யின் ஹீட்டர் 3 ஆம்பியர் கேட்கும், ஜிஇசட்34 கேட்பது 1.9; இந்த வித்தியாசத்தையும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டும்.

இனிப் பழைய சரக்கு. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த முல்லார்டு, கால்களுக்கு நடுவே கண்ணாடியில் வைர முத்திரை பதித்த டெலிஃபுங்கன், ஹாலந்தின் ஹேர்லனில் செய்த ஆம்பரெக்ஸ் ஆகியவற்றின் மீது எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. இரைச்சலற்ற நல்ல மாதிரிகள் அவற்றில் உண்மையாகவே நிறைய. ஆயினும் அன்றைய நிறுவனங்கள் தங்களுக்குள் வால்வுகளை வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றது சர்வசாதாரணம். விரல் பட்டாலே அழியும் அந்த அச்சை நம்பி விலை கொடுக்கலாகாது. பிலிப்ஸ் குழுமத்தின் வால்வுகளில் கண்ணாடியின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் குறியீட்டில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து பிளாக்பர்னையும், முக்கோணம் ஹேர்லனையும் குறிக்கும். பெட்டியைவிட அந்தச் சிறு வரி நம்பகமானது. இன்று முல்லார்டு, டங்-சோல் என்ற பெயர்களில் புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவில் உருவாகின்றன. ஜேஜே வால்வுகள் ஸ்லோவாக்கியாவில் செய்யப்படுகின்றன. இவற்றில் அளந்து தேர்ந்தெடுத்த ஒன்று, தேய்ந்துபோன புகழ்பெற்ற பழைய வால்வைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.

வாங்கும்போது கண்ணாலும் பார்க்க வேண்டும். உச்சியில் கண்ணாடி போல மின்னும் பூச்சு, உள்ளே எஞ்சும் வாயுவை உறிஞ்சும் பேரியம். அது வெள்ளை வெளேரென்று மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு முடிந்தது. ஓடும்போது கண்ணாடியின் உட்சுவரில் தெரியும் நீல ஒளி கெடுதலற்றது. ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே ஊதா நிறப் புகை போலத் தெரிவது வாயு.

கேட்கும் முறைக்கு வருகிறேன். ஒலியளவை ஈடாக்காமல் செய்யும் ஒப்பீட்டை நான் இப்போதெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அரை டெசிபல் உரத்து ஒலிப்பது காதுக்கு ‘தெளிவாக’ இருப்பதாகவே தோன்றும். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து, ஒவ்வொரு வால்வுக்கும் அதே அளவு வரும்படி வால்யூமைத் திருத்திய பிறகே பாட்டைப் போடுகிறேன். 0.1 டெசிபல் என்பது வோல்ட்டில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பதால் சாதாரண மல்டிமீட்டரே போதும். இடம் வலம் இரண்டு சேனல்களுக்கும் தனித்தனி வால்வு இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் இதைவிடச் சிறந்த வழி உண்டு: இடது சேனலில் ஒரு வால்வையும் வலது சேனலில் போட்டி வால்வையும் செருகி, மோனோவில் பதிவான தனிக்குரலை ஓடவிட்டு, பேலன்ஸ் திருகால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்த வேண்டும். வால்வு சூடேறக் காத்திருப்பதில் முந்தைய ஒலியின் நினைவு மங்கிப்போகும் குறை இதில் இல்லை. பிறகு இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி மறுபடி கேட்க வேண்டும். கேட்ட வித்தியாசம் வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் அது வால்வுடையது, அதே பக்கத்தில் தங்கிவிட்டால் அது ஸ்பீக்கருடையது அல்லது அறையுடையது. ஃபீட்பேக் இல்லாத முன்-ஆம்ப்ளிஃபையரில் 6எஸ்என்7 என்னும் இரட்டை டிரையோடு வால்வுகளை இப்படிக் கேட்டபோது, ‘ஸ’கரத்தின் உரசலிலும் பியானோ நாதம் தேய்ந்து அடங்கும் விதத்திலும் எனக்கு வித்தியாசம் ஐயமறத் தெரிந்தது, ஃபீட்பேக் மிகுந்த பவர் ஆம்ப்ளிஃபையரின் நடுநிலையில் செய்தபோது எதுவும் தெரியவில்லை.

கழற்றி வைக்கும் வால்வுகள் ஒவ்வொன்றின் பெட்டியிலும் அது எந்த இடத்தில் ஓடியது, எவ்வளவு மின்னோட்டம் காட்டியது, தட்டியபோது எப்படி ஒலித்தது என்று எழுதிவைப்பது என் வழக்கம். ஆம்ப்ளிஃபையரில் திடீரென ஒரு பக்கம் இரைச்சல் கிளம்பும்போது, இரு பக்க வால்வுகளையும் இடம் மாற்றிப் பார்த்து, இரைச்சலும் கூடவே போனால் அந்தப் பெட்டிகளிலிருந்து குறிப்பு பொருந்தும் ஒன்றை எடுத்துச் செருகிவிடலாம். போகாவிட்டால் வால்வை விட்டுவிட்டுச் சாக்கெட்டின் தொடுமுனைகளைத் துடைப்பதிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.